வெர்மீரின் முத்துக் கம்மல் பெண்: மூக்கிலேயே மாட்டிக்கொண்டேன்

ஞாயிறு_ஓவியன்:
வாட்டர்கலர் ஓரளவு வரும், ஆயில் பெயின்ட் இப்போதுதான் தொட்டிருக்கிறேன். பழைய மாஸ்டர் ஒருவரைப் பார்த்து வரைந்தால் கை பழகும் என்று டச்சு ஓவியர் வெர்மீரின் முத்துக் கம்மல் பெண்ணை எடுத்தேன். 44.5 x 39 செ.மீ., ஒரே முகம், பின்னணி வெறும் கறுப்பு, சுலபம் என்று நினைத்ததுதான் தப்பு. மூன்று வாரமாக மூக்கு வரவில்லை. கோடு போட்டால் கார்ட்டூன் மாதிரி இருக்கிறது, அழித்தால் முகம் தட்டையாகிவிடுகிறது. போதாததற்குத் தலைப்பாகை நீலம் நெற்றியில் கலந்து ஒரே சேறு.

அம்பர்_பிரியை:
அந்த மூக்குக்குக் கோடே கிடையாது. பெரிதாக்கிப் பாருங்கள், மூக்குத்தண்டும் அதற்கு அந்தப் பக்கத்துக் கன்னமும் ஒரே வெளிச்சத்தில் கரைந்து கிடக்கும், இந்தப் பக்கத்து நிழலை வைத்துத்தான் நாமே மூக்கைக் கற்பனை செய்துகொள்கிறோம். கலரைத் தள்ளிவைத்துவிட்டு, பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு பெயின்ட்டை டர்பன்டைனில் கரைத்து நிழலை மட்டும் மெல்லிசாகப் போடுங்கள், வெளிச்சம் விழும் இடத்தைத் துணியால் துடைத்து எடுங்கள். வெர்மீரும் அடியில் பழுப்பும் கறுப்புமாகத்தான் தொடங்கியிருக்கிறார். அது காய்ந்த பிறகு தோல் நிறம். அப்புறம், ஒவ்வொரு பூச்சாக மேலே போகப் போக பெயின்ட்டில் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) கூடலாம், குறையக் கூடாது, இல்லாவிட்டால் பின்னால் வெடிக்கும். நீலத்துக்குத் தனி பிரஷ்!

பழைய_ஈசல்:
பின்னணி வெறும் கறுப்பு இல்லை சார். 2018-இல், இந்த ஓவியம் இருக்கும் மாரிட்ஸ்ஹவுஸ் மியூசியத்தில் ஸ்கேன் செய்து பார்த்தபோது பச்சைத் திரைச்சீலையின் மடிப்பு தெரிந்தது. கறுப்பின் மேல் அவுரியும் ஒரு மஞ்சள் செடிச் சாயமும் கலந்த பச்சையை மெல்லிசாகப் பூசியிருக்கிறார், காலப்போக்கில் நிறம் போய்விட்டது. நான் இது தெரியாமல் ஐவரி பிளாக்கை டியூபிலிருந்து அப்படியே அப்பினேன், பத்து நாளாகியும் காயாமல் சட்டைக் கைதான் கறுத்தது.

ஞாயிறு_ஓவியன்:
நன்றி. கோட்டைத் துடைத்ததுமே பாதி சரியாகிவிட்டது, கடுப்பாக இருக்கிறது. முத்தை எப்போது போடுவது?

அம்பர்_பிரியை:
கடைசியில். மேலே ஒரு வெள்ளைப் பொட்டு, கீழே காலரின் வெளிச்சம் லேசாக, அவ்வளவுதான். காதில் மாட்டக் கொக்கிகூட அவர் வரையவில்லை.

ஞாயிறு_ஓவியன்:
நான் கொக்கியை முதல் நாளே வரைந்து வைத்திருக்கிறேன். துணி எங்கே?