ஃப்ரீ வீல் ஹப் = பூட்டுகுடம்?

அன்புள்ள அண்ணா,

நான்கு சக்கர இயக்க ஜீப்பின் முன்சக்கர நடுவில் இருக்கும் 'ஃப்ரீ வீல் ஹப்' என்ற உறுப்புக்கு நீங்கள் தந்த 'தடையறு சுழல்மையம்' என்ற சொல்லை இரண்டு நாளாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பட்டறையில் கிரீஸ் கையோடு நிற்பவரிடம் அது செல்லாது. பொருளும் பாதிதான் வருகிறது. அந்த உறுப்பு சக்கரத்தைத் தனியே உருளவும் விடும், இருசோடு (ஆக்சில்) பிணைக்கவும் செய்யும். உங்கள் சொல்லில் விடுவது மட்டுமே இருக்கிறது.

பொள்ளாச்சியில் நாங்கள் சீரமைத்துவரும் ஜீப், முகப்பு உயர்ந்த சிஜே-3பி என்ற பழைய வகை. தகடு, கியர்பெட்டி எல்லாம் பழையபடியே இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தோம். முன்சக்கரங்களில் இந்த ஹப்பைப் பொருத்தியது ஒன்றே மாற்றம். இது இல்லாவிட்டால், பின்சக்கர இயக்கத்தில் தார்ச்சாலையில் போகும்போதும் முன் இருசு, அதன் கிரவுன், பினியன் பல்சக்கரங்கள் எல்லாம் வேலையின்றிச் சுழன்று தேயும், எரிபொருளும் வீண். அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் 1948-இல் பழைய ராணுவ ஜீப்புகளுக்கென்று இதைச் செய்யத் தொடங்கியதும் இதற்காகத்தான்.

ஐப்பசி மழையில் ஒரு தென்னந்தோப்பில் வண்டி புதைந்தது. உள்ளே நான்கு சக்கர லிவரைப் போட்டும் பின்சக்கரங்கள்தான் சேற்றை வாரி இறைத்தன. இறங்கிப்போய் இரண்டு ஹப்பையும் திருகிய பிறகே முன்சக்கரங்கள் இழுத்தன. பார்த்துக்கொண்டிருந்த தோப்புக்காரப் பெரியவர், "பூட்டாமலேயே ஓட்டினீர்களா?" என்று கேட்டார். எனக்குச் சொல் அங்கே கிடைத்தது.

நம் பக்கம் வண்டி பூட்டுவது என்றால் நுகத்தில் மாடு கட்டுவது. வேலை முடிந்தால் அவிழ்த்துவிடுவோம். மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் சொருகி நிற்கும் நடுக்கட்டை குடம். ஆகவே பூட்டுகுடம். குடத்தைப் பூட்டு, குடத்தை அவிழ். வினையும் கூடவே வந்துவிடுகிறது. வாகனம் தானே பூட்டிக்கொள்ளும் வகைக்குத் தன்பூட்டுகுடம் என்று நீட்டலாம்.

திருட்டைத் தடுக்கும் பூட்டு என்று குழம்பாதா என நீங்கள் கேட்பீர்கள். அதற்காகவே 'க்' சேர்க்காமல் எழுதுகிறேன். பூட்டுக்குடம் என்றால் பெயரும் பெயரும் சேர்ந்து, பூட்டு உள்ள குடம் ஆகிவிடும். பூட்டுகுடம் வினைத்தொகை, ஊறுகாய் போல: பூட்டிய குடம், பூட்டுகின்ற குடம், பூட்டும் குடம். தட்டச்சில் யாராவது தவறு என்று நினைத்து 'க்' போட்டுவிடுவார்கள். அதைத் தடுக்கவேண்டும் என்பதே என் கவலை.

குறடு என்ற பழஞ்சொல்லைச் சென்ற மடலில் ஒருவர் முன்வைத்திருந்தார். சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அதுவும் உரிய பெயரே. ஆனால் பட்டறையில் குறடு கேட்டால் ஆணி பிடுங்கும் இடுக்கியைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

நம் கலைச்சொல் பட்டியலில் 'தடையறு சுழல்மையம்' இருந்த இடத்தில் இதை எழுதலாமா, அண்ணா? கியர்பெட்டியின் விசையை முன், பின் இருசுகளுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு என்னிடம் இன்னும் சொல் அமையவில்லை. சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரிப் பட்டறைகளில் அதை என்னவென்று அழைக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பொள்ளாச்சியிலிருந்து தம்பி