இரண்டு வயதுக் குழந்தைக்கு ஏற்ற ஹெல்மெட் எங்கே கிடைக்கும்?

மதுரையில் இருக்கிறோம். மகளுக்கு இரண்டு வயது, தலைச் சுற்றளவு 47 செ.மீ. ஸ்கூட்டரில் அழைத்துப் போக அவளுக்குப் பொருந்தும் ஹெல்மெட் தேடுகிறேன். கடைகளில் "சின்ன சைஸ்" என்று எடுத்துக் கொடுப்பதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. போட்டால் கண்ணை மறைக்கிறது, கனத்தில் தலை ஒரு பக்கம் சாய்கிறது. அந்தப் பிஞ்சுக் கழுத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது.

2022-இல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு பெல்ட்டும் கட்டாயம். வேகம் மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது. தரச்சான்று பெற்ற சைக்கிள் ஹெல்மெட்டும் போடலாமாம். எடை குறைவு என்பதால் எனக்கு அதில்தான் மனம் போகிறது. பிள்ளைக்குப் போட்டுப் பழகியவர்கள் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்களேன்.

அப்புறம் பெல்ட். 30 கிலோ தாங்க வேண்டும் என்கிறது விதி. ஆன்லைனில் பார்த்தவற்றின் கொக்கியைக் கண்டால் நம்பிக்கை வரவில்லை. குழந்தையை முன்னால் நிற்க வைத்து ஓட்டும் யோசனை மட்டும் வேண்டாம், தயவுசெய்து.

குழந்தையைக் கூட்டிப்போய், போட்டுப் பார்த்து வாங்கக்கூடிய கடை மதுரையில் எங்கே இருக்கிறது?