சைக்கிள் எஞ்சினுக்குக் குழாய் வைத்துக் காற்று வழி அமைத்த பின் மேட்டில் இழுவை திணறுகிறது: ஆலோசனை தேவை

முந்திரித்தோப்பு (திருப்பாதிரிப்புலியூர்):
வணக்கம். கேப்பர் மலைப் பக்கம் உள்ள எங்கள் முந்திரித் தோப்புக்குள் மட்டும் ஓட்டுவதற்காக, பழைய சைக்கிள் ஒன்றில் 49 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் பொருத்தியிருக்கிறோம். அதனுடன் வந்த ஏர் ஃபில்டர் உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய பிளாஸ்டிக் டப்பா. செம்மண் புழுதியில் அது அடிக்கடி அடைத்துக்கொண்டதால் அதைக் கழற்றிவிட்டு, ஒன்றேகால் அங்குல பி.வி.சி. குழாயைக் கார்ப்பரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பாகம்) வாயில் எம்-சீல் வைத்து ஒட்டி, ஓர் எல்போ போட்டு மேலே திருப்பி, சீட்டுக்கு அடியில் அதன் முனையில் சோபாப் பஞ்சைச் சுற்றிக் கட்டுக்கம்பியால் கட்டினேன். அதன் பிறகு, ஆக்ஸிலேட்டரைப் பாதி திறந்து மேடு ஏறினால் இழுவை அறுந்துபோய், சற்று நேரத்தில் திடீரென்று சீறிக்கொண்டு போகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டாலும் எஞ்சின் உடனே அடங்காமல் இரைந்துவிட்டுத்தான் தணிகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நடுவில் உள்ள பீங்கான் வெள்ளையாக இருக்கிறது. குழாயின் அளவை மாற்றினால் சரியாகுமா?

மரப்பாலத்தார் (புதுச்சேரி):
காற்று கூடுதலாகப் போகிறது, அதற்கு ஏற்பப் பெட்ரோல் போகவில்லை; பிளக் வெளுத்ததற்கு அதுதான் காரணம். ஒரு படி பெரிய மெயின் ஜெட் (கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகு) வாங்கிப் போடுங்கள்.

பட்டறைக்காரர் (வில்லியனூர்):
தம்பி, ஜெட் மாற்றுவது கடைசியில் பார்க்க வேண்டிய வேலை. நீங்கள் எழுதியவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் அடங்காமல் இரைவதுதான். கார்ப்பரேட்டரைத் தாண்டி எங்கோ ஓரிடத்தில் காற்று கசிந்து உள்ளே போகிறது என்பதற்கு அது பெரிய அடையாளம். கார்ப்பரேட்டருக்கு முன்னால், அதாவது உங்கள் குழாயில், ஓட்டை இருந்தால் புழுதி உள்ளே போகுமே தவிரக் கலவை கெடாது. ஏனென்றால் அந்தக் காற்றும் ஜெட்டைக் கடந்துதான் போயாக வேண்டும். கார்ப்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையில் கசிந்தால், அந்தக் காற்று பெட்ரோலைத் தொடாமலேயே உள்ளே போய்க் கலவையை மெலிய வைத்துவிடும், அதாவது காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்துவிடும். டூ-ஸ்ட்ரோக்கில் மசகு எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்துதான் போகிறது என்பதால், மெலிந்த கலவையில் தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் ஜாம் ஆகும். ஆகவே சரிசெய்யும் வரை மேட்டில் ஏற்ற வேண்டாம்.

அந்த நீளக் குழாயையும் எல்போவையும் தாங்குவதற்குச் சட்டத்தில் பிடிமானம் எதுவும் கொடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் முழுப் பாரமும் கார்ப்பரேட்டரின் மேல் தொங்கி, கரடுமுரடான தடத்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கார்ப்பரேட்டரை நெம்பிக்கொண்டிருக்கும். கார்ப்பரேட்டர் மேனிஃபோல்டில் (அதைச் சிலிண்டரோடு இணைக்கும் குட்டைக் குழாயில்) ஏறும் கிளாம்பையும், மேனிஃபோல்டு சிலிண்டரோடு சேரும் நட்டுகளையும் பாருங்கள். செம்மண் தடத்தில் ஓடும் வண்டியில் கசிவு உள்ள இடம் கண்ணுக்கே தெரியும்: மற்ற இடங்களில் உலர்ந்த தூசி இருக்க, அந்த ஒரு கோட்டில் மட்டும் எண்ணெய் ஊறிய மண் கறுப்பாக ஒட்டியிருக்கும். ஐயமிருந்தால் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மூட்டுகளில் சோப்புத் தண்ணீரைச் சிறிது தெளியுங்கள். சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். பெட்ரோல் தெளித்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. சூடான எஞ்சினில் அந்த வேலையே வேண்டாம்.

எல்போவையும் கழற்றிப் பாருங்கள். இவ்வகை எஞ்சின்களில் பெரும்பாலும் ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய தகடு) இருக்காது. காற்று வழியைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டனின் அடிப்பாகம்தான். குறைந்த வேகத்தில் பிஸ்டன் கீழே இறங்கும்போது, வழி மூடுவதற்குள் கலவையில் கொஞ்சம் கார்ப்பரேட்டர் வாய் வழியாகவே பின்னால் துப்பப்படும். சிறிய ஃபில்டரில் அது பஞ்சை நனைப்பதோடு நின்றுவிடும். உங்கள் எல்போவிலோ அது தேங்கி நின்று, மேட்டில் வண்டி சாயும்போது மொத்தமாக உள்ளே போகக்கூடும். ஒரு பக்கம் கசிவால் மெலிவு, இன்னொரு பக்கம் தேக்கத்தால் திடீர் வெள்ளம் என்றால், எந்த ஜெட் போட்டாலும் நிலைக்காது.

முந்திரித்தோப்பு:
அண்ணா, மேனிஃபோல்டின் இரண்டு நட்டுகளில் ஒன்று விரலாலேயே சுழன்றது. மூட்டில் கசியாமல் இடையில் வைக்கும் கேஸ்கெட்டின் கீழ் ஓரம் கிழிந்து, நீங்கள் சொன்னபடியே அந்த ஓரத்தில் மட்டும் கறுத்த மண் அப்பியிருந்தது. எல்போவைக் கவிழ்த்ததும் எண்ணெய் கலந்த பெட்ரோல் ஒழுகியது. பஞ்சு கையில் பிடித்ததும் மாவாக உதிர்கிறது. கேஸ்கெட் ஷீட்டில் புதிது வெட்டிப் போட்டு நட்டுகளை இறுக்கிய பிறகு, எஞ்சின் உடனே அடங்குகிறது. இப்போதைக்குப் பழைய டப்பாவையே மாட்டியிருக்கிறேன். பாதித் திறப்பில் இலேசான தயக்கம் மட்டும் மீதி இருக்கிறது. பிளக்கும் முழுதாக நிறம் மாறவில்லை.

பட்டறைக்காரர்:
உதிர்ந்த பஞ்சு கார்ப்பரேட்டருக்குள் போயிருக்கும். மிதவைக் கிண்ணத்தையும் ஜெட்டையும் முதலில் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். பிறகும் பாதித் திறப்பில் தயங்கினால் அது, கார்ப்பரேட்டருக்குள் ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊசியின் வேலை. கால் பங்கு முதல் முக்கால் பங்கு வரையிலான திறப்பில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிப்பது ஊசிதான். மெயின் ஜெட் முழுத் திறப்பில்தான் முழுமையாகப் பேசும். ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கிப் போட்டால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். அதன்பின் முழு ஆக்ஸிலேட்டரில் சற்றுத் தூரம் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்துப் பிளக்கைப் பாருங்கள். பாக்கு நிறம் இருந்தால் போதும். அப்போதும் வெள்ளையாக இருந்தால்தான் மரப்பாலத்தார் சொன்ன ஜெட்.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை சற்று மெலிவாகவே அமையும். பழைய கணக்கில் ஜெட் வைத்து வந்த எஞ்சின் கிட்டுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எண்ணெயை லிட்டருக்கு 40 மில்லிக்குக் குறைக்காதீர்கள்.

தேவனாம்பட்டினத்தார்:
தோப்புக்குள் மட்டும் ஓட்டுவதாக எழுதியிருப்பதால் ஒரு சொல். மோட்டார் வாகனச் சட்டம் 1988, நான்கு சக்கரங்களுக்குக் குறைந்த வண்டியில் 25 சிசிக்கு மேற்படாத எஞ்சின் இருந்தால் அதை மோட்டார் வாகனமாகக் கொள்வதில்லை. உங்களுடையது 49 சிசி. பதிவில்லாமல் ரோட்டுக்கு வந்தால் வழக்குத்தான்.

முந்திரித்தோப்பு:
கிளிப்பை இறக்கியதும் தயக்கம் போய்விட்டது. பிளக்கும் நிறம் பிடிக்கிறது. ஆனால் சிறிய டப்பா மறுபடியும் அடைக்கத்தான் போகிறது. அதற்கு என்ன வழி?

பட்டறைக்காரர்:
குழாய் வேண்டாம். பெட்ரோல் தாங்கும் குட்டை ரப்பர் ஹோஸ் ஒன்றை, வெளிப்பக்கம் சற்றே சரியும்படி, வளைவில்லாமல் போட்டு, மோட்டார் சைக்கிள் ஃபில்டருக்கென்றே விற்கும் பஞ்சை அதன் முனையில் பொருத்துங்கள். பாரத்தைப் பட்டை அடித்துச் சட்டத்தில் தாங்கவிடுங்கள். பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் கசக்கி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காயவைத்து, சில சொட்டு எண்ணெய் விட்டுப் பிசைந்தபின் மாட்டுங்கள்; காய்ந்த பஞ்சில் செம்மண் நிற்காது.