புதுப்பிப்பு: தமிழுக்கு இருமொழித் தேர்ச்சி முத்திரை கிடைத்தது

கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் என் மகள், வார இறுதி வகுப்பில் கற்ற தமிழைக் கொண்டு, 2011-இல் சட்டமான மாநில இருமொழித் தேர்ச்சி முத்திரையை (ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ச்சி பெற்ற மாணவர்களுக்கான அங்கீகாரம்) பெற முடியுமா என்று இங்கே கேட்டிருந்தேன். முத்திரை கிடைத்துவிட்டது, வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

தமிழுக்கு ஏ.பி. தேர்வு (உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) இல்லாததால், அவாண்ட் நிறுவனத்தின் ஸ்டாம்ப் என்ற மொழித்திறன் தேர்வை எழுதச் சொன்னவரின் யோசனையே பலித்தது. தமிழில் அது எழுத்தையும் பேச்சையும் மட்டுமே சோதிக்கிறது. நாங்கள் எதிர்பாராதது தட்டச்சு: தாளில் தடையின்றி எழுதுபவள், விசைப்பலகையில் ‘ழ’வையும் ‘ண’வையும் தேடித் திணறினாள், ஆகவே பிள்ளைகளை முன்கூட்டியே தமிழில் தட்டச்சு செய்யப் பழக்குங்கள். ஆங்கிலத் தேர்ச்சியையும் தனியே காட்ட வேண்டும் என்பதால், கடைசி ஆண்டின் தொடக்கத்திலேயே பள்ளி ஆலோசகரிடம் பேசிவிடுவது நல்லது.