டிராக்டருக்கு எக்ஸ்ட்ரா எல்.இ.டி. போட்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

நாகலூர்க்காரன்:
மார்கழியில் காப்பிப் பழம் பறிப்பு. பறித்ததை அன்றைக்கே பல்பரில் (பழத்தோல் உரிக்கிற மெஷின்) போட்டாக வேண்டும், இல்லையென்றால் மூட்டையிலேயே புளிக்க ஆரம்பித்துவிடும். கடைசி லோடு ஏற்றி முடிக்க ஆறரை ஆகிவிடும். சில்வர் ஓக் நிழலில் அதற்கு முன்பே இருட்டு. என்னுடையது 18 எச்.பி. குட்டி டிராக்டர். கம்பெனி லைட் முன்னால் பத்தடி காட்டும். பின்னால் டிரெய்லர் எந்தப் பள்ளத்தில் இறங்குகிறது என்பது சத்தத்தை வைத்துத்தான் தெரியும்.

போன வருடம் 18 வாட் எல்.இ.டி. நான்கு வாங்கி, தெரிந்த பட்டறையில் கொடுத்தேன். அவர் ஹெட்லைட் ஒயரைச் சுரண்டி, அதிலேயே முறுக்கி, டேப் சுற்றிக் கொடுத்துவிட்டார். நான்கும் சேர்ந்து 72 வாட், 12 வோல்ட்டில் 6 ஆம்பியர். பழைய பல்பு இரண்டும் ஏற்கெனவே கிட்டத்தட்ட அதே அளவு இழுக்கும். பாட்டரிக்கு அது பெரிய பாரமில்லை. ஆனால் அத்தனையும் போனது சேமியா மாதிரி ஒரு ஒயரிலும் அந்தச் சின்ன சுவிட்சிலும். மூன்றாம் நாள் ஃப்யூஸ் போனது. போனிலேயே வைத்தியம் சொன்னார்: "ஒரு இழை செம்பை உருவிச் சுற்றி விடுங்கண்ணா, ஒன்னும் ஆகாது." நானும் சுற்றினேன். பாதித் தப்பு என்னுடையதுதான்.

மறுநாள் இறக்கத்தில் வரும்போது பிளாஸ்டிக் கருகுகிற வாடை. டேஷ்போர்டு இடுக்கில் புகை, உடனே மொத்த லைட்டும் அவுட். பிரேக்கை மிதித்துப் பூட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, செல்போனை வாயில் கவ்விக்கொண்டு பாட்டரி நெகட்டிவைக் கழற்றினேன். சுவிட்ச் வெல்லப்பாகு மாதிரி வழிந்திருந்தது.

அப்புறம் சங்ககிரியில் ஒரு லாரி எலக்ட்ரீஷியனிடம் போனேன். லாரி பார்த்த கை தனிதான். பாட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயரில் ரிலேயின் (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கிற பெட்டி) 30ஆம் நம்பர் காலுக்கு. 87லிருந்து லைட்டுக்கு. 85 பாடி எர்த், 86 சுவிட்ச். இப்போது சுவிட்ச் வழியாகப் போவது ரிலே சுருளை இயக்குகிற துளி கரண்ட் மட்டும், கால் ஆம்பியர்கூட இல்லை. முன்னால் இரண்டுக்கும் பின்னால் இரண்டுக்கும் தனித்தனி ரிலே. ஒன்று போனாலும் இன்னொன்றை வைத்து வீடு வந்து சேரலாம்.

மஞ்சக்குட்டை:
ஒயரிங் எல்லாம் சரிங்க, மலைப் பனியை மறந்துவிட்டீர்கள். நான் மேலே ரோல்பார் (கவிழ்ந்தால் ஆளைக் காக்கிற இரும்பு வளைவு) மீது பளீர் வெள்ளை லைட் வைத்தேன். மூட்டம் இறங்கினால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கிறது, எதிரே சுண்ணாம்புச் சுவர் எழுப்பிய மாதிரி. இப்போது மஞ்சள் ஜோடி ஒன்று முழங்கால் உயரத்தில், தனி சுவிட்சில். பனி வந்தால் மேலே அணைத்துவிட்டு அதை மட்டும் போடுகிறேன்.

பின் லைட் ஒருநாள் உதவியது. ரிவர்ஸ் எடுக்கப் போனேன், இரண்டு கண் பச்சையாக மின்னின. காட்டெருமை, டிரெய்லரிலிருந்து இருபதடியில். லைட் இல்லாவிட்டால் நேராக அதன் மேலேயே போயிருப்பேன். ஹாரன் அடிக்காமல் அப்படியே நின்றேன். அது பாட்டுக்கு மென்றுகொண்டு, அதற்குத் தோன்றியபோது நகர்ந்தது.

வாழப்பாடி பாக்குத் தோப்பு:
எனக்கு லைட் விட்டு விட்டு எரிந்தது. லைட் மட்டம் என்று மாற்றினேன், புதுசும் அப்படியே. மீட்டர் வைத்தால் எஞ்சின் ஓடும்போது பாட்டரியில் 13.9 வோல்ட், லைட்டில் 11 சொச்சம். எர்த் ஒயரைப் பெயிண்ட் மேலேயே போல்ட் போட்டிருந்தார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளப்பான இரும்பில் இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். இரண்டு வருடமாகச் சிணுங்கவில்லை. எலி கடிக்கும் அண்ணா, ஒயர் மேல் ஃபிளெக்ஸிபிள் குழாய் போடுங்கள். ரோட்டில் ஏறும்போது பின் லைட்டை அணைக்க மறக்காதீர்கள். ஆத்தூர் ரோட்டில் பின்னால் வந்த பஸ்காரர் என்னை ஓரங்கட்டித் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

புதியவர்:
அண்ணா, எங்கள் பவர் டில்லரில் பாட்டரியே இல்லை. எல்.இ.டி. மாட்டினால் ஸ்லோவில் மினுக்குகிறது, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஓவராக எரிகிறது. ஒன்று புகைந்தே விட்டது.

நாகலூர்க்காரன்:
தம்பி, அது எஞ்சின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்குகிற மேக்னெட்டோ காயிலிலிருந்து நேராக வருகிற ஏ.சி. கரண்ட். வேகத்துக்குத் தகுந்தபடி வோல்ட் ஏறி இறங்கும். பைக்கில் வருகிற மாதிரி ரெகுலேட்டர்-ரெக்டிஃபயர் (ஏ.சி.யை டி.சி.யாக்கி வோல்ட்டையும் கட்டுப்படுத்துவது) ஒன்று, கூடவே 12 வோல்ட் சின்ன பாட்டரி போட்டு, அதிலிருந்து லைட்டுக்கு எடுங்கள். காயில் எத்தனை வாட் தரும் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். டில்லரில் பெரும்பாலும் ஒரு லைட்டுக்குத்தான் தெம்பு இருக்கும், நான்கு மாட்ட ஆசைப்படாதீர்கள்.