கடவுளும் தீமையும்: சுனாமியைக் கேட்டால் என்ன சொல்வது?

ஜெலுத்தோங்வாசி:
அடுத்த மாதம் பினாங்கில் எங்கள் வாசகர் வட்ட விவாதம். எனக்குக் கடவுள் பக்கம். ‘எல்லாம் வல்லவர், முழுக்க நல்லவர், ஆனாலும் தீமை உண்டு, மூன்றும் சேர்ந்து நிற்காது’ என்று நாத்திகத் தத்துவவாதி ஜே. எல். மெக்கி 1955இல் எழுதியதற்கு, ‘மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்தார்’ என்றால் போதுமா? 2004 சுனாமியை எடுத்தால்? கர்மாவைச் சொல்லிவிடலாமா?

லெபோ அம்பாங்:
தம்பி, எதிராளி ‘முரண்பாடு’ என்கிறாரா, ‘நம்பக் காரணமில்லை’ என்கிறாரா என்று முதலில் பாருங்கள். ஒன்றுக்கான மருந்து மற்றதற்குக் கேட்காது.

அந்த மூன்று வாக்கியமும் தாமாக முட்டிக்கொள்ளாது. மெக்கியே இன்னும் இரண்டு சேர்க்கிறார்: நல்லவர் முடிந்த மட்டும் தீமையை ஒழிப்பார், வல்லவருக்கு எல்லையே இல்லை. நீங்கள் கை வைக்க வேண்டியது அந்த இரண்டில். கடவுள் பக்கம் பேசிய தத்துவவாதி பிளான்டிங்கா பிடித்தது இரண்டாவதை, ‘எல்லையே இல்லை’ என்பதை. ‘எப்போதும் நல்லதையே விரும்பித் தேர்பவர்களை மட்டும் படைத்திருக்கலாமே’ என்று மெக்கி கேட்பார், கட்டாயம் வரும் கேள்வி இது. யார் எதைத் தேர்வார் என்பது தேர்பவர் கையில். படைத்தவர் முடிவு செய்தால் அது தேர்வே இல்லை என்பது பதில்.

ஆனால் சுனாமியில் நம் பத்து பெரிங்கி கடற்கரைக்கு வந்த அலையை யாரும் தேரவில்லை. அதற்கு பிளான்டிங்கா ‘கண்ணுக்குத் தெரியாத ஆவிகளின் வேலையாக இருக்கலாம்’ என்றார். முரண்பாட்டை உடைக்க ‘இருக்கலாம்’ போதும்தான். சபையில் சொன்னால் சிரிப்பார்கள், விட்டுவிடுங்கள்.

தத்துவவாதி வில்லியம் ரோ 1979இல் வைத்தது வேறு ரகம், ‘நம்பக் காரணமில்லை’ என்பது: காட்டுத்தீயில் வெந்து நாள்கணக்கில் துடித்துச் சாகும் மான்குட்டி. அதனால் என்ன நன்மை? தெரியவில்லை, ஆகவே இல்லை. தாண்டல் அந்த ‘ஆகவே’யில். புகைமூட்ட நாளில் பினாங்குத் தீவின் வெல்ட் கீ கரையில் நின்றால் எதிர்க்கரை பட்டர்வொர்த் தெரியாது. ஊர் இல்லை என்பீர்களா? ஆனால் இதை ரொம்ப இழுக்காதீர்கள். நன்மை தீமையே நமக்குப் பிடிபடாது என்றால், மூழ்கும் பிள்ளையைத் தூக்குவது நல்லதா என்றும் சொல்ல முடியாமல் போகும்.

தண்ணீர்மலை அடிவாரம்:
கர்மாவை அப்படியே தூக்கி வைக்காதீர்கள். வேதாந்தத்தின் மூலநூலான பிரம்ம சூத்திரம் 2.1.34 ஈசுவரனுக்குப் பாரபட்சமோ கொடுமையோ இல்லை, வினையைப் பார்த்தே தருகிறான் என்கிறது. முதல் பிறவிக்கு ஏது வினை என்றால், அடுத்த சூத்திரம் ‘வினைக்குத் தொடக்கமே இல்லை’ என்கிறது. கண்ணி ஒவ்வொன்றுக்கும் காரணம் கிடைக்கிறது, சங்கிலி முழுதுக்கும் கிடைப்பதில்லை. அலையில் போன குழந்தையின் பெற்றோர் முன் சொல்லக்கூடிய பேச்சும் இல்லை அது.

சைவ சித்தாந்தத்தில் வழி வேறு. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (கட்டு) மூன்றும் அநாதி, தொடக்கம் இல்லாதவை. செம்பில் களிம்பு போல ஆணவம் என்ற மலம் (அழுக்கு) உயிரோடே இருக்கிறது, சிவன் படைத்ததில்லை. ‘தீமையை ஏன் படைத்தான்’ என்ற கேள்வி இங்கே எழாது.

ஜெலுத்தோங்வாசி:
அப்படியானால் ‘எல்லாம் வல்லவர்’ என்பது போய்விடாதா அண்ணே?

தண்ணீர்மலை அடிவாரம்:
மெக்கி சொல்லும் அர்த்தத்தில் போகும். அதை நீங்களே முதலில் ஒப்புக்கொண்டு பேசுங்கள். அடுத்து ‘களிம்பை உடனே எடுக்க வேண்டியதுதானே’ என்பார்கள். மலம் பக்குவப்பட வேண்டும், உலகம் அதற்குத்தான் என்பது மரபுப் பதில். ‘ஏன் இத்தனை வலியோடு’ என்று விடாமல் கேட்டால், எனக்குத் தெரிந்து அங்கேதான் நம் பக்கம் தடுமாறும்.

லெபோ அம்பாங்:
ஒன்று விட்டுப்போச்சு. யாராவது ‘பரந்து கெடுக உலகியற்றியான்’ என்று குறளை வீசுவார்கள், 1062. அது இரவச்சம் அதிகாரம். பிச்சையெடுத்துப் பிழைக்க விதித்தவன் மேல் வந்த கோபம். கடவுள் இல்லை என்ற வாதம் அதில் கிடையாது.