முதல் தொலைநோக்கி வாங்க ஆலோசனை தேவை

வணக்கம். வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில், இரவல் வாங்கிய 10×50 (பத்து மடங்குப் பெருக்கம், 50 மி.மீ. முகப்பு வில்லை) பைனாகுலரைத் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் முழங்கை ஊன்றிப் பிடித்தபோது, வியாழனின் நான்கு பெரிய நிலவுகளில் மூன்று ஒரே வரிசையில் தெரிந்தன. கை நடுங்கியதும் புள்ளிகள் கோடுகளாயின. சனியின் வளையத்தைப் பிரித்துக் காண பத்து மடங்குப் பெருக்கம் போதாது என்பதால், பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் 114 மி.மீ. விட்டமுள்ள முதன்மை ஆடி கொண்ட நியூட்டன் வகைத் தொலைநோக்கியை (வில்லைக்குப் பதில் ஆடிகளால், அதாவது கண்ணாடிகளால், ஒளியைக் குவிப்பது) வாங்கலாமா, அல்லது பைனாகுலருக்கு ஒரு முக்காலியோடு நிறுத்திக்கொள்ளலாமா? பெட்டியில் அச்சிட்டிருக்கும் '675 மடங்கு' என்பதை நான் நம்பவில்லை. இந்த ஆடிக்கு ஏறத்தாழ 230 மடங்கைத் தாண்டினால் உருவம் மங்கலாகப் பெரிதாகுமே தவிர நுணுக்கம் கூடாது. என் கவலையெல்லாம் தொலைநோக்கியைத் தாங்கும் மெலிந்த அலுமினியக் கால்கள் மாடிக் காற்றில் ஆடுமோ என்பதுதான். பயன்படுத்தியவர்கள், ஆடிகளை நேர்ப்படுத்துவது புதியவருக்கு எவ்வளவு கடினம் என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.